சீழ் வடிந்த பின்: ஜவ்வாது மலைச் சாரலில் புண் ஆற்றிய கலை

பல்லின் வேரில் தோன்றும் சீழ் உயிரைக் கொள்ளும் நோயாக மாறும் வழி கீழ்த்தாடையின் அமைப்பிலேயே இருக்கிறது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்களில் பின்னால் உள்ளவற்றின், குறிப்பாக ஞானப்பல்லின், வேர்நுனிகள் வாயின் தரையாக விரிந்துள்ள தசை எலும்பைப் பற்றும் கோட்டுக்கும் கீழே முடிகின்றன. ஆகவே அங்கு எலும்பைத் துளைத்து வெளிப்படும் சீழ் வாய்க்குள் வடியாமல் தாடைக்கு அடியில் இறங்கி, நாக்கை மேலும் பின்னும் தள்ளி, மூச்சுவழியை அடைத்து, கவனிக்காமல் விட்டால் கழுத்துத் தசையுறைகளின் இடைவெளி வழியே மார்புக்குள்ளும் புகுந்துவிடும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் லுட்விக் 1836-இல் இந்நிலையை விவரித்தமையால் அது அவர் பெயராலேயே 'லுட்விக் ஆஞ்சைனா' எனப்படுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருமுன் இதற்கு ஆளானவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தனர். மருத்துவ நூல்கள் இந்நோயில் மூச்சுக்குழலைத் திறப்பதையும் கழுத்தைக் கீறுவதையும் விரிவாகப் பேசுகின்றன என்றாலும், கத்தியின் வேலை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் திறந்து கிடக்கும் புண்ணை வாரக்கணக்கில் கழுவிக் கட்டுவதுதான் நோயாளியைப் பிழைக்க வைக்கிறது. அந்த வேலைக்கும் அதைச் செய்தவர்களுக்கும் வரலாற்றில் கிடைத்த இடம் சிறிது.

புண்ணைத் தைக்கும் அறிவு தமிழகத்தில் மிகப் பழையது. பதிற்றுப்பத்தில் பரணர் பாடிய பாட்டொன்று வீரர் மார்பின் வெட்டுக்காயத்தை நீண்ட ஊசியால் தைத்ததைச் சொல்கிறது. காயத்தில் வைத்த பஞ்சு இன்னும் எடுக்கப்படாத வீரர்களைப் புறநானூறு காட்டுகிறது. ஆனால் இவை வாள் பட்ட புண்கள். கூரிய இரும்பு பிளந்த தசையை உடனே சேர்த்துத் தைக்கலாம். சீழ் நிறைந்த குழியைத் தைத்தால் நஞ்சு உள்ளே அடைபட்டு நோய் முன்னிலும் வேகமாகப் பரவும். இந்த வேறுபாட்டைச் சுசுருத சங்கிதை தெளிவாக அறிந்திருந்தது. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றிய பின், எள் விழுதும் தேனும் நெய்யும் தோய்த்த திரியை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும் என்றும், அவசரப்பட்டு மறுநாளே அவிழ்க்காமல் மூன்றாம் நாள் கட்டு மாற்ற வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. குழி அடியிலிருந்து தசை வளர்ந்து மேலே வர வேண்டும், வாய் முந்தி மூடிவிடக் கூடாது என்பதே திரியின் நோக்கம். இன்றைய மருத்துவமனையில் கீறலுக்குள் நெளிவுகள் கொண்ட ரப்பர்ப் பட்டையைச் செருகி வைப்பதும் இதற்காகத்தான்.

இத்தகைய மருத்துவம் நூலில் மட்டும் இருந்துவிடவில்லை என்பதற்கு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையோரமே சான்று உண்டு. அந்த ஆறு பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பதினைந்து நோயாளிகள் தங்கக்கூடிய ஆதுலர் சாலை ஒன்றை, அதாவது மருத்துவமனையை, விவரிக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை எனப்படும் அறுவை வேலை செய்பவருக்கு 30 கலம். இவர்களுக்குப் பிறகே மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோரும், நோயாளிகளுக்கு மருந்திடும் பெண்களும், நாவிதரும் வருகின்றனர். மருத்துவரின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு மருந்திட்ட பெண்களின் பெயரைச் சொல்லவில்லை. அதன் மருந்துப் பட்டியலில் கடுக்காயை முதன்மையாகக் கொண்டவை பல இடம்பெறுகின்றன. அந்தக் கடுக்காய் எந்த மலையிலிருந்து இறங்கியது என்று கல்வெட்டு கூறாவிட்டாலும், ஜவ்வாது மலைக் காடுகளில் அது இன்றும் சேகரிக்கப்படும் பொருள்தான்.

கடுக்காயின் துவர்ப்பு தோலைப் பதப்படுத்துவதற்கும் புண்ணைச் சுருக்குவதற்கும் ஒன்றுபோல் உதவியது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலும் திரிபலைக் கசாயத்தால் புண் கழுவிய சித்த மருத்துவமும் ஒரே காயின் இரு பயன்கள். சித்த மருத்துவர்கள் ஆறாத புண்ணுக்கு இடும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாற்றையும் தேங்காய் எண்ணெயையும் துருசு எனப்படும் செம்புச் சேர்மத்தையும் சேர்த்துக் காய்ச்சுவது; செம்பு கிருமிகளை அடக்கும் என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பல்வலிக்குக் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கும் வழக்கத்துக்கு அத்தகைய நியாயத்தைச் சொல்ல முடியாது. புகை வலியைச் சிறிது மரக்கச் செய்யலாம், வேருக்கடியில் சீழோ தன் வழியே போய்க்கொண்டிருக்கும்.

மேலைநாட்டு அறுவை மருத்துவம் மலையடிவாரத்துக்கு வந்தது வேலூர் வழியாக. மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. 1906 முதல் அவர் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்த்தார். அந்தச் சாலையோர மருத்துவத்தில் புண்கள் கழுவிக் கட்டப்பட்டன. ஆயினும் வாரம் ஒருமுறை மாற்றும் கட்டு சொறி சிரங்குக்குப் போதலாம், கழுத்துச் சீழுக்குப் போதாது. நாள்தோறும் கட்டு மாற்றுவதற்குப் பயின்ற கைகள் வேண்டும் என்பதைக் கருதினால், 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சி தொடங்கியது 1918-இல் வந்த பெண்கள் மருத்துவப் பள்ளியைவிடக் குறைந்த செய்தி அன்று.

புண் கழுவும் திரவங்களை மாற்றியது முதல் உலகப் போர். 1915-இல் வேதியியலர் டாக்கினும் அறுவை மருத்துவர் கரேலும் பிரான்சில் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் குழாய்கள் வழியே காயங்களுக்குள் இடைவிட்டுச் செலுத்தினர். அதே ஆண்டு எடின்பரோவில் சலவைத் தூளையும் போரிக் அமிலத்தையும் கலந்து உருவாக்கிய 'யூசால்' மலிவாகவும் மருத்துவமனையிலேயே கலக்கத்தக்கதாகவும் இருந்ததால் இந்திய மருத்துவமனைகளில் பல தலைமுறைகள் நிலைத்தது. யூசாலில் நனைத்த காஜ் துணியும் நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இல்லாத டிரெஸ்ஸிங் அறையை அக்காலத்தில் நினைக்கவே முடியாது. இவை அழுகிய தசையை நீக்குவதோடு புதிதாக வளரும் மென்தசையையும் சுடுகின்றன என்ற கண்டனம் 1980-களில் வலுத்தது. புண் சிவந்து தளிர்க்கத் தொடங்கியதும் வெறும் உப்புநீருக்கு மாற வேண்டும் என்ற இன்றைய நடைமுறை அதிலிருந்து உறுதிப்பட்டது.

1940-களில் வந்த பெனிசிலின் சாவைக் குறைத்ததே தவிர, புண்ணைக் கட்டும் வேலையை நீக்கவில்லை. பல்லிலிருந்து வரும் சீழில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் கலந்திருக்கின்றன. அதன் பொறுக்க முடியாத நாற்றம் அவற்றால் வருவது. அவற்றை வெல்லும் மெட்ரோனிடசோல் வேறொரு நோய்க்கு வந்த மருந்து. அதை உட்கொண்ட பெண் ஒருவரின் ஈறழற்சியும் கூடவே ஆறியதை ஷின் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவர் 1962-இல் எழுதிய பின்பே, வாய்க்கிருமிகள் மீது அதற்குள்ள ஆற்றல் தெரிந்தது.

தேனின் கதை இன்னும் விந்தையானது. ஜவ்வாது மலைத் தேன் பெயர்பெற்றது. மலையாளி பழங்குடியினர் பாறைகளிலும் பெருமரங்களிலும் தொங்கும் பெருந்தேனீயின் கூடுகளையும் மரப்பொந்துகளில் அடையும் தேனீயின் அடுக்குகளையும் நன்கறிந்தவர்கள். புது மருத்துவம் நாட்டுமருந்து என்று ஒதுக்கிய தேனை, நைஜீரிய அறுவை மருத்துவர் எஃபம் 1988-இல் 59 நோயாளிகளின் ஆறாத புண்களில் பயன்படுத்தி எழுதினார். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் சுப்ரமணியம் 104 தீக்காய நோயாளிகளில் செய்த ஒப்பீடு 1991-இல் வெளியாயிற்று. தேனின் அடர்த்தி புண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக் கிருமிகளை வற்றச் செய்கிறது. அதன் புளிப்பும், அதிலுள்ள நொதி மெல்ல வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் துணை நிற்கின்றன. ஆயினும் அடையிலிருந்து பிழிந்த தேனில் கொடிய நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் காமாக் கதிரால் தூய்மையாக்கியதையே மருத்துவமனைகள் ஏற்கின்றன. மலைத்தேனை அப்படியே கழுத்துப் புண்ணில் ஊற்றுவது மரபின் பெயரால் செய்யும் தவறாகவே முடியும்.

கழுத்துப் புண்ணுக்கே உரிய இடர்களும் உண்டு. துணியை இறுக அடைத்தால் மூச்சுக்குழல் அழுந்தும். அழுகலில் உறை இழந்த பெருந்தமனி திடீரென உடையலாம். வாயோடு புண் இணைந்துவிட்டால் எச்சில் ஒழுகி எந்தக் கட்டையும் நனைத்துவிடும். அமெரிக்காவில் ஆர்ஜென்ட்டாவும் மொரிக்வாஸும் 1997-இல் வெளியிட்ட உறிஞ்சுகட்டு, அதாவது பஞ்சுரப்பரால் புண்ணை நிரப்பிக் காற்றுப்புகா உறையிட்டுக் கருவியால் கசிவை உறிஞ்சும் முறை, கட்டு மாற்றும் தடவைகளைக் குறைக்கிறது. தமனி வெளிப்பட்ட இடத்தில் அதை வைக்கலாகாது. நோய்க்கு மூலமான பல்லைப் பிடுங்காவிட்டால் இவற்றில் எதுவும் நிற்காது.

மலைக்கு இதில் உள்ள சிக்கல் தொலைவு. மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து வளைந்திறங்கும் சாலையில் நோயாளியை ஒருமுறை கீழே கொண்டுவர 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. அறுவை முடிந்து ஊர் திரும்பியவர் நாள்தோறும் கட்டு மாற்ற இறங்கி ஏறுவதற்கு அப்படியொரு வண்டி கிடையாது. ஆகவே மலைக் குக்கிராமத்தார் கீழேயே வாரக்கணக்கில் தங்கிக் கூலி இழக்கிறார், அல்லது புண் மூடுமுன் வருவதை நிறுத்திவிடுகிறார். இந்நோயைக் கொடிதாக்குவதில் நீரிழிவுக்கு முதன்மையான பங்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. மாத்திரையோடு வரும் அந்தப் பணியாளரின் பையில் உப்புநீரும் காஜ் துணியும் இடம்பெறுவதற்குப் பெரிய செலவு தேவைப்படாது.