ஆயாக் கொட்டகையும் அழுத பிள்ளையும்

தோட்டப்புற வரலாறு எழுதியோர் ரப்பர் விலையை எழுதினர், கங்காணியை எழுதினர், தொழிற்சங்கத்தையும் எழுதினர். பிறந்து மூன்று வாரமான பிள்ளை இரவெல்லாம் அழுததை எழுதியோர் அரியர். ஆயினும் சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தாய்மார் பட்ட பாட்டில் ஒரு பெரும்பகுதி அவ்வழுகையோடு பிணைந்ததாகும்.

பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை வரை பாலருந்தும். அதன் அழுகை இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கி, ஆறாம் வார அளவில் உச்சம் தொட்டு, பின்னர் தணியும். பிள்ளை சப்பச் சப்பவே பால் ஊறும். லயத்து மூதாட்டியர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். மாரோடு அணைத்தனர், தோளிற் சார்த்தி முதுகு தடவி ஏப்பம் விடச் செய்தனர், உத்திரத்தில் சேலை ஏணை கட்டித் தாலாட்டினர். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும், சேனை தொட்டு வைத்ததும், வசம்பு உரைத்து ஊட்டியதும் இவ்வறிவோடு கலந்தே வந்தன. பழமை என்பதற்காக அவற்றையும் நாம் போற்ற வேண்டுவதில்லை.

அறிவு இருந்தது, நேரந்தான் இல்லை. ரப்பர் மரம் விடியற்காலைக் குளிர்ச்சியிலேதான் மிகுதியாகப் பால் வடிக்கும். ஆதலின் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது பல தோட்டங்களில் வழக்கம். மரத்துக்கு மறுநாள் ஓய்வு. வெட்டியவளுக்கு மறுநாள் வேறு நிரை!

நெகிரி செம்பிலானும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தொகுப்பு, மகப்பேற்று உதவித்தொகை, தோட்டப் பள்ளி ஆகியவற்றோடு பிள்ளைக் காப்பகத்தைப் பற்றியும் பேசிற்று. அக்காப்பகமே நம் மக்கள் வழங்கிய ஆயாக் கொட்டகை. தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆட்டுவதற்கு ஆயா இருப்பாள். ஆட்டுதலால் பசி தீருமா? தாய் நிரையில் நிற்க, வெந்நீரில் கரைத்த டின்பால் பிள்ளையின் வாய்க்குச் சென்றது. பிள்ளை சப்பாத மார்பில் பால் வற்றியது. ஆயாவும் இல்லாத இடத்தில் தொட்டிற் கயிறு மூத்த பெண்ணின் கைக்கு வந்தது. பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விழுந்த வெற்றிடங்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஆசிரியர்கள் இதனை மறத்தலாகாது.

1936இல் மலாயாவுக்குப் பணிபுரிய வந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் ஆற்றிய உரைக்கு இட்ட தலைப்பு, ‘பாலும் கொலையும்’ என்பதாகும். இனிப்பூட்டிய டின்பாலைக் கைக்குழந்தைக்கு உகந்ததெனப் பரப்புவதை அவர் கொலைக்கு ஒப்பாகச் சாடினார். போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரைச் சாங்கியில் அடைத்தனர். அச்சிறையில் 20 குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் உண்டன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னர்ப் பதிவு செய்தார். பட்டினிச் சிறையில் வாழ்ந்த அத்தாயருக்குப் பிள்ளை பக்கத்தில் இருந்தது. பெரட்டுக்குப் போனவளுக்கு அதுவும் இல்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் மகப்பேற்று விடுப்பு வழங்கிற்று. பேற்றுக்கு முன்னரே 30 நாள் எடுத்தவள், குழந்தையின் அழுகை உச்சத்தை நெருங்கும் வேளையில் மீண்டும் பால்வாளி தூக்கினாள். அவ்விடுப்பு 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரியில்தான்.