வாயைக் கட்டு என்று சொன்னது என் தப்பு

நடுநிலைப் பள்ளியில் பல வருடம் வரலாற்றுப் பாடம் எடுத்தவள் நான். இன்று ஒரு மருத்துவ வரலாறு சொல்கிறேன்.

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்தபோது ஆறு கிலோ கூடியிருந்தாள். பார்க்க வந்தவர்கள், "நோயாளி மாதிரியே தெரியலையே" என்றார்கள். நான் ஒரு படி மேலே போய், "கொஞ்சம் வாயைக் கட்டுடி" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

புற்றுநோய் என்றாலே உடம்பு உருகிப்போகும் என்றுதான் நமக்குப் பழக்கம். மார்பகப் புற்றுநோயில் அந்தக் கணக்கு மாறியது கீமோ வந்த பிறகுதான். 1973இல் இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா என்ற மருத்துவர், அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். மொத்தம் 12 சுற்று. நோய் திரும்புவது குறைந்தது என்று 1976இல் முடிவு வெளியானது. உலகமே அந்த வழிக்குத் திரும்பியது.

இரண்டே வருடத்தில், 1978இல், இன்னொரு செய்தி வந்தது. இந்தச் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்கு எடை கூடுகிறது! அதிகம் சாப்பிடுகிறார்கள் போலும் என்ற எண்ணம் எளிதாக வந்தது. நான் நினைத்ததும் அதேதான்.

1999இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கனடாவின் டொராண்டோவில் 535 பெண்களை ஒரு வருடம் கவனித்திருந்தார்கள். கீமோ எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.5 கிலோ கூடியது. கீமோவோ ஹார்மோன் மாத்திரையோ எடுக்காதவர்களுக்கு 0.6 கிலோதான். மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும் எடை கூடியது. கீமோ சூலகத்தைப் பாதித்து, சின்ன வயதிலேயே மாதவிடாயை நிறுத்திவிடுவது உண்டு. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் பசியைத் தூண்டும்.

2001இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. அந்தப் பெண்கள் அதிகமாகச் சாப்பிடவில்லை. அசதியால் நடமாட்டம் குறைந்திருந்தது. தசை கரைந்து கொழுப்பு சேர்ந்திருந்தது. அப்படியிருக்கப் பட்டினி போட்டால் மிச்சமிருக்கும் தசையும் அல்லவா போகும்?

இதற்கான வழி முன்பே தெரிந்ததுதான். 1989இல் மேரில் வின்னிங்ஹாம் என்ற அமெரிக்கச் செவிலியர், கீமோ எடுக்கும் பெண்களை வாரம் மூன்று நாள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளை ஓட்ட வைத்தார். கொழுப்பு குறைந்து தசை கூடியது. "பேசாம படுத்து ரெஸ்ட் எடு" என்று சொல்லி வந்த காலம் அது!

இதையெல்லாம் படித்த அன்றே தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றாள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு இப்போது தினமும் காலையில் இருவரும் நடக்கிறோம். எடை இரண்டு கிலோதான் இறங்கியிருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறும்போது முன்போல மூச்சு வாங்குவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் தட்டைப் பார்க்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடக்கக் கிளம்புங்கள்.