டெக் முதல் பிளேஸ்டேஷன் வரை: ஒரு கல்யாணப் படத்தின் பயணம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மேலேறும் சாலை, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் போய்ச் சேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் அங்கே ஒரு நண்பரின் வீட்டில் ஓர் இரவு தங்கினோம். நண்பர் மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இம்மக்களின் மொழி தமிழே.

அன்று மாலை அந்த வீட்டில் ஒரு சிறு கூட்டம் கூடியிருந்தது. நண்பரின் ஆயா இறந்து வெகுகாலமாகிவிட்டது. அவர் பாடியது ஒரே ஒருமுறை, 1990களின் பிற்பகுதியில் நடந்த ஒரு கல்யாணத்தில், வீடியோவில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு பென் டிரைவ் ஒன்றில் இருந்தது. மடிக்கணினியில் பார்க்கலாம்தான், ஆனால் பதினைந்து பேர் சூழ்ந்து பார்க்க அத்திரையும் போதாது, ஒலியும் போதாது. வீட்டிலிருந்த தொலைக்காட்சியோ பென் டிரைவ் செருக இடமில்லாத பழைய பெட்டி. நண்பரின் தம்பி பெங்களூரில் வேலை பார்ப்பவர். அங்கே பழையதாக வாங்கிய விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தொலைக்காட்சியோடு இணைத்திருந்தார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் மூன்றையும் மாட்டி, பென் டிரைவைச் செருகினார். திரையில் எதுவும் தோன்றவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை அப்படியொரு பொருள் செருகப்படவே இல்லை.

அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். ஒரு குடும்பத்தின் சொந்தப் படம், விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட ஒரு பெட்டியின் வாசலில் வந்து நிற்பதற்கு முன் எத்தனை வாசல்களைக் கடந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

அந்தப் படம் முதலில் பதிவானது விஎச்எஸ் நாடாவில். சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸை 1975இல் வெளியிட்டது. ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ்ஸை 1976இல் வெளியிட்டது. சந்தையில் வென்றது விஎச்எஸ். ஆனால் இரண்டுக்கும் பொதுவான பெரிய வழக்கு பீட்டாமேக்ஸின் பெயரால்தான் நடந்தது. தொலைக்காட்சியில் வருவதை வீட்டில் பதிவு செய்ய வழிவகுக்கும் கருவியை விற்பதே பதிப்புரிமை மீறல் என்று யுனிவர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் வழக்காடின. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், ஐவருக்கு நால்வர் என்ற ஒற்றை வாக்கு வேறுபாட்டில், சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் தன் வசதிக்காகப் பதிந்து பின்னர் பார்ப்பது குற்றமாகாது என்றது அத்தீர்ப்பு. தன் வீட்டுத் திரையில் எதை, எப்போது பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்கலாம் என்ற உரிமைக்கு அது ஒரு தொடக்கம் எனலாம்.

நம் ஊரில் அக்கருவிக்கு 'டெக்' என்று பெயர். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபின், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் டெக்குகளும் வந்தன. வாங்க இயலாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். டிவியும் டெக்கும் மூன்று கேசட்டுகளும் ஓரிரவு வாடகைக்கு வந்தால் தெருவே விழித்திருக்கும். அதே டெக்தான் கல்யாண வீடியோவையும் பிறப்பித்தது. கேமராக்காரர் தோளில் சுமந்து வந்த கருவியில், ரஜினியும் கமலும் வரும் அதே திரையில், நம் சித்தப்பாவும் பந்தியில் இலைபோடும் மாமாவும் வந்தார்கள். சாதாரணக் குடும்பமொன்று அசையும் படமாகத் தன்னையே பார்த்துக்கொண்டது வரலாற்றில் எளிய நிகழ்வன்று.

*

நாடாவுக்கு ஆயுள் குறைவு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஓட்ட ஓட்டத் தேயும். மலையின் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2000க்குப் பிறகு ஊர்தோறும் ஸ்டுடியோக்கள் கேசட்டைக் குறுந்தகடாக மாற்றித் தரத் தொடங்கின. நண்பரின் வீட்டாரும் கள்ளக்குறிச்சியில் அப்படித்தான் மாற்றியிருக்கிறார்கள்.

விசிடி என்னும் அந்தத் தகட்டின் இலக்கணத்தை 1993இல் பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிடா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தன. ஒரு தகட்டில் 74 நிமிடப் படம் அடங்கும். ஆகவேதான் தமிழ்ப்படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள். படத்தின் தெளிவு 352க்கு 288 புள்ளிகள், ஏறத்தாழ விஎச்எஸ் அளவுதான். மேலை நாடுகளில் பெரிதாக எடுபடாத விசிடி, ஆசியாவில் வீடுவீடாகப் புகுந்தது. கல்யாணப் படத்தைப் பொறுத்தவரை நடந்த உண்மையான மாற்றம் வேறு. நாடாவிலிருந்த காட்சி முதன்முறையாக எண்களாகிக் கோப்பு என்ற வடிவை எடுத்தது. இனி அது எந்தத் தகட்டிலும் எந்தத் தட்டிலும் குடியேறலாம்.

குடியேற ஒரு திரை வேண்டுமல்லவா? தமிழகத்தில் அதற்கு அரசியல் விடை கிடைத்தது. 2006 தேர்தல் வாக்குறுதியின்படி அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாக வழங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அத்திட்டத்தைப் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் நிறையப் பேசியாயிற்று. நாம் கவனிக்க விரும்புவது ஒன்றே: ஏழை வீடுகளில் ஒரு திரை நிலைபெற்றது, மலிவான டிவிடி பிளேயர் அதன் துணையாயிற்று. பின்னர் அந்தப் பிளேயர்களின் முகப்பில் யுஎஸ்பி துளையும் தோன்றியது. 1996இல் வெளியான யுஎஸ்பி முறையை வகுத்த இன்டெல் குழுவில் முதன்மையானவர் குஜராத்திலிருந்து சென்ற அஜய் பட் என்பதை இங்கே நினைவுகூரலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், கோப்பைப் பிரதியெடுக்கும் வசதியையும் மாணவர் வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

*

விளையாட்டுப் பெட்டி இந்தக் கதைக்குள் வந்தது வேறொரு வாசல் வழியாக. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2 டிவிடியையும் ஓட்டியது. அங்கே பல வீடுகளில் முதல் டிவிடி இயந்திரமே அதுதான். ஆனால் கடையில் வாங்கிய தகடு வேறு, நாமே வைத்திருக்கும் கோப்பு வேறு. கோப்பை ஓட்டும் வசதியை நிறுவனங்களுக்கு முன்பே செய்துகாட்டியவர்கள் ஆர்வலர்கள். 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் எக்ஸ்பாக்ஸ், உள்ளே பார்த்தால் ஒரு சிறு கணினி: 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், ஒரு வன்தட்டு. பூட்டை உடைத்த எக்ஸ்பாக்ஸ்களில் மட்டும் இயங்கும்படி 2002இல் எழுதப்பட்ட எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர், பின்னர் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் உரிமத்துக்கு உட்பட்ட கருவிகளால்தான் அதைத் தொகுக்க முடியும் என்பதால், எழுதியவர்கள் மூலநிரலை மட்டுமே வெளியிட்டார்கள். 2014இல் கோடி என்று பெயர் மாறிய மென்பொருள் இதுவே.

அடுத்த தலைமுறைப் பெட்டிகளில் நிறுவனங்களே கதவைத் திறந்தன. எக்ஸ்பாக்ஸ் 360 (2005), பிளேஸ்டேஷன் 3 (2006) இரண்டிலும் யுஎஸ்பி வழியே படங்களை ஓட்டலாம். அக்காலத்தில் இணையவாசிகள் பெரிதும் பயன்படுத்திய டிவெக்ஸ் வகைக் கோப்புகளை 2007 டிசம்பரில் இரு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. இருந்தும் ஒரு நிபந்தனை இருந்தது. வெளியிலிருந்து செருகும் தட்டு, பிளேஸ்டேஷன் 3இல் ஃபேட் 32 என்னும் முறையில் அமைந்திருக்க வேண்டும். 1996இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. நீண்ட, தெளிவான படங்களைத் துண்டு துண்டாக வெட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

திறந்த கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வெளியானபோது அவ்வசதி அதில் இல்லை. 2015இல்தான் மீடியா பிளேயர் என்ற செயலி வந்து சேர்ந்தது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது மீண்டும் இல்லை. இணையவழிப் படச் சேவைகளுக்கோ முதல் நாளிலிருந்தே இடமிருந்தது. ஒரு காலத்தில் வீட்டுப் பதிவுக்காக உச்ச நீதிமன்றம்வரை போன நிறுவனமே பின்னாளில் இதைச் செய்தது என்பது வரலாற்றின் ஒரு முரண். இதில் சதி எதையும் நாம் காணவில்லை. மாதச் சந்தா தருபவரின் படத்தில் வருவாய் உண்டு. ஆயாவின் பாட்டில் யாருக்கும் வருவாய் இல்லை.

*

இனி வெள்ளிமலைக்குத் திரும்புவோம். செருகிய பென் டிரைவ் பெரியது, புதியது. எக்ஸ்ஃபேட் என்னும் பிற்கால முறையில் அமைந்தது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்த முறை ஃபேட் 32 மட்டுமே. குறை பெட்டியிலும் இல்லை, படத்திலும் இல்லை. இருவரும் வேறுவேறு காலத்து எழுத்தறிவு பெற்றவர்கள், அவ்வளவுதான். நண்பரின் தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியை எடுத்தோம். பழைய 8 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றை ஃபேட் 32 ஆக்கி, கோப்பை அதில் பிரதியெடுத்தோம். இம்முறை பெயர் திரையில் வந்தது.

படம் நடுங்கியது, வண்ணம் சிவப்பாக வழிந்தது. ஆயா தூணோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். "எங்கம்மா கொரலு" என்றார் நண்பரின் தாயார், யாரிடம் என்றில்லாமல்.

கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அம்முறை நீங்கியது 1970களில்தான். அம்மக்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வரிக்கணக்கும் வனக்கணக்கும் மாவட்ட விவரச்சுவடிகளும்தாம். எழுதியவர்கள் கீழிருந்து வந்தவர்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019இல். இத்தகைய ஊரில் ஒரு கல்யாண கேசட் வெறும் குடும்பச் சொத்தல்ல. யார் என்ன உடுத்தினார்கள், எந்தச் சடங்கில் யார் முன்னே நின்றார்கள், எந்தப் பாட்டை எந்த இடத்தில் பாடினார்கள் என்பதற்கு அவர்கள் தாமே வைத்திருக்கும் ஆவணம் அது. அதைக் காப்பதற்கு ஆவணக்காப்பகம் எதுவும் வரப்போவதில்லை. இரண்டு பென் டிரைவ்களும், பரவலாகப் புழங்கும் ஒரு கோப்பு வகையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத்தட்டுக்கு மாற்றும் பொறுமையும்தான் காப்பகம். நண்பர்கள் தத்தம் வீட்டுப் பரண்களையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். கேசட்டையும் எறிந்துவிட வேண்டாம்.

அன்றிரவு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது; மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதால் கேமராக்காரர் வாசல் பக்கம் திரும்பிவிட்டார். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. நண்பரின் தாயார் திரையைப் பார்த்தபடியே, விட்ட இடத்திலிருந்து தொடங்கி மீதிப்பாட்டைப் பாடி முடித்தார். தம்பி அதைத் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டார். இப்போது அந்த பென் டிரைவில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன.