எழும்பூர் கண்ணாஸ்பத்திரி

எகிப்துப் போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் கண்நோயோடு திரும்பினார்கள். லண்டனில் 1805இல் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை தோன்ற அதுவும் ஒரு காரணம். 1819இலேயே சென்னைக்கும் ஒரு கண்ணாஸ்பத்திரி வந்துவிட்டது. தொடங்கியவர் மருத்துவர் ரிச்சர்ட்சன். எழும்பூருக்கு அது குடிபெயர்ந்தது 1880களில்.

அதன் வரலாற்றில் சுவாரசியமான ஆள் ராபர்ட் ஹென்றி எலியட். 1904 முதல் பத்தாண்டு கண்காணிப்பாளர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கிளாகோமா அறுவை. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழி ஓரத்துச் சல்லடை வழியே வடிந்துகொண்டிருக்கும். அந்த வடிகால் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு நசியும். காட்சி ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கும். கிளாகோமா அப்படித்தான் வருகிறது. எலியட் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை போட்டார். நீர் மேல்சவ்வுக்கு அடியில் கசிந்து வெளியேறியது. அந்த அறுவை அவர் பெயராலேயே உலகெங்கும் பரவியது.

கண்புரைக்கு ஊசி குத்தும் நாட்டு வைத்தியர்களிடமும் அவருக்குத் தீராத கவனம் இருந்தது. மங்கிய லென்ஸை ஊசியால் உள்ளே தள்ளினால் நோயாளிக்கு அங்கேயே வெளிச்சம் தெரியும். கூலியை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவார். சீழ் பிடிப்பதெல்லாம் பிறகு. கெட்டுப்போய் வந்த கண்களைத் திரட்டி ஆராய்ந்து எலியட் தனி நூலே எழுதினார்.

லண்டன் திரும்பியபின்னும் எதையும் சந்தேகித்து ஆராயும் அந்தக் குணம் போகவில்லை. மேஜிக் சர்க்கிள் என்ற மாயவித்தைக்காரர் சங்கத்தின் அமானுஷ்ய ஆய்வுக் குழுத் தலைவராக, கயிறு தானாக மேலெழுந்து நிற்கும் என்ற இந்தியக் கயிற்று வித்தையை 1934இல் கட்டுக்கதை என்றார். செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசும் அறிவித்தார்கள். அது யார் கைக்கும் போகவில்லை.