வெல்லாரின் முதல் சிக்கா வரை: மாட்டுங்காவில் ஒரு கீரையின் தடம்

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயத்தோடு வல்லாரையும் கட்டுக் கட்டாக வருகிறது. சிறுநீரக வடிவ இலை, விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள், நீண்ட காம்பில் இன்னும் காயாத சேறு. பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வரும் என்று துவையலுக்கு வாங்கிப் போகிறார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரியில் பச்சை நிறக் கொரிய க்ரீம் ட்யூப் ஒன்று நிற்கிறது. முகப்பில் ‘சிக்கா’ என்ற பெயர். பின்புறம் பொடி எழுத்தில் ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’. அதுவும் வல்லாரைதான்.

கொரியச் சருமப் பூச்சுகள் உலகைக் கவர்ந்ததற்கு இசைக்குழுக்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவை கடைவாசல் வரை ஆளைக் கூட்டி வந்திருக்கலாம். கைக்கு வந்த பொருள் ஏன் நம்பப்பட்டது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. அந்த நம்பிக்கையின் ஒரு வேரையாவது தொழுநோய் மருத்துவமனைகளில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சித்த மருத்துவத்தில் வல்லாரை காயகற்ப மூலிகை. ‘வல்லாரை உண்டவனோடு மல்லாடாதே’ என்பது ஊர் வழக்கு. ஐரோப்பிய மருத்துவம் இதன் பக்கம் திரும்பியது 1850களில். மொரிசியஸில் புவாலோ என்ற மருத்துவர் 1852 வாக்கில் இதைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் ஹன்டர் என்ற மருத்துவர் சோதித்தார். இது நோயைத் தீர்க்கும் தனிமருந்து ஆகாது, ஆனால் நோயின் கடுமை தணிகிறது, உடல் தேறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. மிகைப்படுத்தாத அந்தக் கணிப்புதான் செடியைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். 1868இல் வெளிவந்த இந்திய மருந்தியல் நூலில் வல்லாரைக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது.

இதே காலத்தில் புதுச்சேரியில் நடந்த ஒன்றைத் தமிழர்கள் அறவே மறந்துவிட்டோம். அங்கே மருந்தாளுநராக இருந்த பிரெஞ்சுக்காரர் லெப்பீன் வல்லாரையைப் பகுத்தாய்ந்து, பச்சை இலையின் மணமும் சுவையும் கொண்ட எண்ணெய்ப்பசையான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். செடியின் ஆற்றல் அதில்தான் இருக்கிறது என்று கருதி, ‘வெல்லாரின்’ என்று பெயர் வைத்தார். வல்லாரை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஐரோப்பிய மருந்தியல் நூல்களில் சில பத்தாண்டுகள் அச்சேறியது. பிற்கால வேதியியலில் அந்தப் பொருள் நிலைக்கவில்லை. பொருளோடு பெயரும் போயிற்று.

மாட்டுங்காவுக்கும் தொழுநோயோடு ஓர் உறவு உண்டு. பம்பாயில் நகராட்சி ஆணையர் அக்வொர்த்தின் முயற்சியால் 1890இல் வீடற்ற தொழுநோயாளிகளுக்கு ஒரு காப்பகம் எழுந்தது. இன்று வடாலாவில் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை என்று நிற்கும் அதன் தொடக்க கால முகவரி மாட்டுங்கா. அன்று அது நகரத்தின் புறஎல்லை. 1896இல் பிளேக் வந்தது. அதையடுத்து 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதியில் மனை பிரித்துத் தெரு போட்ட பிறகே தென்னிந்தியக் குடும்பங்கள் இங்கே திரளாக வந்தன. நோயாளிகளை ஒதுக்கி வைக்கத் தேர்ந்த நிலத்தின் ஓரத்தில்தான் நம்முடைய கோயில்களும் காப்பிக்கடைகளும் கீரைக் கடைகளும் வளர்ந்தன.

வல்லாரையின் அடுத்த கட்டம் மடகாஸ்கரில். 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதிலிருந்து ‘ஏசியாட்டிகோசைட்’ என்ற சேர்மத்தைத் தனித்துப் பிரித்தார்கள். பியர் புவாத்தோவும் மடகாஸ்கர் நாட்டு அறிவியலாளர் ஆல்பர்ட் ரகோட்டோ ரட்சிமமாங்காவும் அதைத் தொழுநோய்ப் புண்களுக்கான சிகிச்சையில் ஆராய்ந்தார்கள். தோலில் கொலாஜன் உருவாவதை அது தூண்டுவது பின்னர் தெளிவாயிற்று. ‘மடெகசோல்’ என்ற காயக்களிம்பு பிறந்தது. தொழுநோய்க்கு டாப்சோன் போன்ற வலுவான மருந்துகள் வந்துவிட, வல்லாரை அந்த வேலையிலிருந்து விடுபட்டுப் பொதுவான புண்களுக்கும் தழும்புகளுக்கும் உரியதாகியது.

அந்தக் களிம்பை 1970இல் தென்கொரியாவுக்குக் கொண்டுபோனது டாங்குக் மருந்து நிறுவனம். முழங்கால் சிராய்ப்புக்கு அம்மா தடவும் மருந்தாக அது அங்கே வீடுதோறும் பழகிற்று. ஒரு தலைமுறை அந்த வாசனையோடு வளர்ந்த பிறகு, 2015இல் அதே நிறுவனம் முகப்பூச்சு வகைகளைக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் வல்லாரையைக் கையில் எடுத்தன. ‘சிக்கா’ என்ற பெயர் தழும்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம்.

கொரிய அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். 2000இல் நடைமுறைக்கு வந்த அழகுப்பொருள் சட்டம், மருந்துக்கும் அலங்காரத்துக்கும் நடுவே ‘செயல்திறன் அழகுப்பொருள்’ என்ற மூன்றாவது வகையை உண்டாக்கியது. நிறம், சுருக்கம், வெயில் பற்றி ஒரு பூச்சு எதைச் சொன்னாலும் அதற்குச் சான்று காட்டியாக வேண்டும். இங்கே நிலைமை வேறு. மும்பை பரேலில் 1952இல் தொடங்கிய விக்கோ நிறுவனத்தின் மஞ்சள் க்ரீம், மருந்தா அழகுப்பொருளா என்ற கலால் வரி வழக்கில் பல ஆண்டுகள் அலைந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மஞ்சளையும் வல்லாரையையும் நூற்றாண்டுகளாகக் கையாண்ட நாட்டில் அவற்றுக்கென ஒரு நடுவகுப்பு இல்லாமல் போனது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

கொரியப் பூச்சுகள் இந்தியக் கடைகளுக்கு வந்து சேர்வதற்கான மற்றவை விரைவாக நடந்தன. 2010 ஜனவரியில் இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2012இல் மும்பையில் நைக்கா என்ற இணைய அழகுப்பொருள் கடை தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் இறக்குமதி அழகுப்பொருளுக்கு அரசுப் பதிவு கட்டாயமாயிற்று. செம்பூர் மருந்துக்கடையில் வாங்கும் ட்யூபின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத்தாளில் அந்தப் பதிவெண்ணைப் பார்க்கலாம். 2024இல் கொரியாவின் அழகுப்பொருள் ஏற்றுமதி 1,000 கோடி டாலரைத் தாண்டியது.

மாட்டுங்காவை அடுத்த தாராவியில் தோல் பற்றிய பேச்சுக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1976இல் மருத்துவர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தின் ஊழியர்கள் அங்கே நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். வெளிறிய படை ஒன்றைக் கண்டால் அது தேமலா, தொழுநோயா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி அந்த இடத்தை மெல்லத் தொடுவார்கள். தொட்டது தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

சிக்கா பூச்சுகளின் விளம்பரங்களில் தவறாமல் வருவது ஒரு புலி. காயம்பட்ட புலி வல்லாரைப் புதரில் புரண்டு தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் என்ற பழங்கதையை வைத்து ‘புலிப்புல்’ என்றே விற்கிறார்கள். மொரிசியஸிலும் சென்னையிலும் மடகாஸ்கரிலும் இந்த இலையின் சாற்றை முதலில் தம் புண்ணில் ஏற்றுக்கொண்ட மனிதர்கள் அந்த விளம்பரங்களில் எங்கும் இல்லை.