விளக்கின் சூடும் கருந்துளைக் கணக்கும்



கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மரங்களில் மின்மினிகள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி உண்டு, சூடு இல்லை. முன்பு நம் லயங்களில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கோ வெளிச்சத்தைவிடச் சூட்டையே அதிகம் தந்தது. அந்தச் சூடு வீண்தானா?

1821இல் பெர்லின் நகரில் சீபெக் என்பவர் இருவேறு உலோகத் துண்டுகளை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த திசைகாட்டியின் முள் திரும்பியது. அவர் அதைக் காந்தச் செயல் என்றே எண்ணினார். உண்மையில் வளையத்தில் மின்சாரம் ஓடியது. உலோகத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களே வெப்பத்தையும் சுமந்து செல்கின்றன.

1950களில் சோவியத் நாட்டுச் சிற்றூர்களில், மண்ணெண்ணெய் விளக்கின்மேல் இத்தகைய கருவியைப் பொருத்தி, அந்தச் சூட்டிலேயே வானொலி கேட்டார்கள். பேட்டரி தீர்ந்து வானொலி நாடகம் பாதியில் நின்றதை என் பாட்டி பலமுறை சொல்லி வருந்தியிருக்கிறார். இந்த விளக்கைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

எலெக்ட்ரான்கள் தனித்தனியே நகர்ந்தால் கணக்கு எளிது, பெரட்டில் ஆள் எண்ணுவதுபோல. ஆனால் 1986இல் கண்டறியப்பட்ட, செம்பு கலந்த பீங்கான் போன்ற சில பொருள்களில் அவை பத்துமலைத் தைப்பூசக் கூட்டம்போல் நெருக்கியடிக்கின்றன. அங்கே சூடும் மின்சாரமும் எப்படிச் செல்லும்? பழைய கணக்கு போதவில்லை.

உதவிக்கு வந்தது கருந்துளை, ஒளியைக்கூட வெளியே விடாத ஈர்ப்பு உடையது. இதன் வரலாற்றில் நம் தமிழர் ஒருவர் உண்டு. 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் படிக்கப் போன சந்திரசேகர் கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த விண்மீன் ஓர் அளவுக்கு மேல் கனமாயிருந்தால் தன் பாரத்தையே தாங்காது என்று கண்டார். 1935இல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் என்ற பேரறிஞர் அதை எள்ளினார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

கருந்துளைக்கும் வெப்பநிலை உண்டென்று 1974இல் ஹாக்கிங் காட்டினார். 1997இல் மால்டசேனா ஒரு விந்தையான பொருத்தத்தை முன்வைத்தார். ஈர்ப்புள்ள உலகின் கணக்கை, ஈர்ப்பே இல்லாத அதன் எல்லைப் பரப்பில் எழுதிவிடலாம் என்றார். வங்கி அட்டையில் மினுங்கும் ஹோலோகிராம், தட்டையான தகட்டில் முழு உருவத்தைக் காட்டுகிறதல்லவா, அதுபோல.

2007இல், டில்லியில் பிறந்த சுபீர் சச்தேவும் ஹார்ட்னால் முதலிய மூவரும் இந்தப் பொருத்தத்தைக் கையாண்டார்கள். எலெக்ட்ரான் நெரிசலில் வெப்பமும் மின்சாரமும் செல்வதை, மின்னூட்டமும் காந்தமும் கொண்ட கருந்துளையின் கணக்காக மாற்றிப் போட்டார்கள். அது ஒரு மாதிரியின் விடைதான். உண்மைப் பொருள்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இன்றும் ஆய்வில் இருக்கிறது.

கருந்துளைக் கணிதத்துக்கே பெரியதொரு நூல் எழுதிய சந்திரசேகர் இதைப் பார்க்கவில்லை. அவர் 1995இல் காலமானார்.