கேலியும் உடலும்: புதுவையிலிருந்து பார்க்கும் பர்லெஸ்க் வரலாறு

1838இல் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, திருவந்திபுரத்துத் தேவதாசிகள் சிலரைப் பிரான்சுக்குக் கப்பலேற்றினார். தில்லம்மாள் தலைமையில் அம்மணி, ரங்கம், சுந்தரம் ஆகியோரும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் போனார்கள். இசைக் கலைஞர் மூவர் உடன் சென்றனர். ஆகஸ்டில் பாரிசில் ஆடினார்கள். அரசர் லூயி பிலிப்பின் துய்லெரி அரண்மனையிலும் ஆடினார்கள். பிறகு லண்டன் போனார்கள். தமிழ்நாட்டுச் சதிர் ஐரோப்பாவுக்குப் போன முதல் பெரும் பயணம் இது என்று நடன வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அது சரியே. ஆனால் எந்த மேடையில் ஆடினார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் போதிய கவனம் தரவில்லை.

பாரிசில் இவர்களுக்குக் கிடைத்தது ஓப்பெரா மாளிகை அல்ல, மொன்மார்த்ர் சாலையின் வரியெத்தே அரங்கம். பாட்டு கலந்த சிறு நகைச்சுவை நாடகங்களுக்கும் கேலிக் கூத்துகளுக்கும் பேர்போன இடம் அது. பின்னாளில், 1864இல், இசையமைப்பாளர் ஒஃபன்பாக் கிரேக்கக் காவியத்தைக் கிண்டல் செய்து எழுதிய ‘லா பெல் எலென்’ முதன்முதலில் மேடையேறியதும் அங்கேதான். லண்டனில் இவர்கள் ஆடிய அடெல்ஃபியும் அதே வகை அரங்கம். திருவந்திபுரம் பெருமாள் சந்நிதியில் ஆடியவர்கள் ஐரோப்பாவில் வந்து நின்றது பர்லெஸ்க் வளர்ந்த மேடைகளில்.

இந்தச் சந்திப்பை வெறும் தற்செயலாக ஒதுக்கிவிட முடியாது என்பது என் வாதம். உயர்ந்ததைக் கேலி செய்வது, பெண்ணுடலைக் காட்சிக்கு வைப்பது என்ற இரண்டும் ஒரே மேடையில் கைகோத்து நின்றதே பர்லெஸ்க். தமிழ் மேடைக்கும் இந்த இரண்டும் தெரியும்; இரண்டும் சேர்ந்த காலமும் இங்கே உண்டு. ஆனால் நம் நாடக வரலாறு எழுதப்பட்டபோது இவை பிரிக்கப்பட்டன. கேலிக்கு மரியாதை கிடைத்தது. உடலுக்கு இழிவு கிடைத்தது.

பர்லெஸ்க் என்றதும் இன்று பலருக்கு நினைவு வருவது இறகு விசிறியும் ஒவ்வொன்றாகக் களையப்படும் ஆடையும்தான். அது இந்தக் கதையின் கடைசிப் பகுதி, அதுவும் அமெரிக்கப் பகுதி. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் ஸ்காரோன் வர்ஜிலின் காவியத்தைக் கொச்சை நடையில் திருப்பி எழுதியபோது அதில் ஆடை களைதல் எதுவுமில்லை. லண்டனில் இந்த வடிவத்துக்கு உருவம் கொடுத்தவற்றுள் முதன்மையானது சட்டம். 1737இல் வந்த உரிமச் சட்டம், பேச்சு நாடகம் நடத்தும் உரிமையை அரச அனுமதி பெற்ற இரண்டு அரங்குகளோடு சுருக்கிவிட்டது. மற்ற அரங்குகள் பிழைக்க வழி தேடின. வசனத்துக்கிடையே பாட்டைச் செருகினால் அது நாடகம் ஆகாது என்ற சந்து கிடைத்தது. அந்தச் சந்தில் வளர்ந்ததுதான் நாடகாசிரியர் பிளான்ஷேயும் நடிகை மதாம் வெஸ்ட்ரிசும் 1831இல் ஒலிம்பிக் அரங்கில் நடத்திய புராணக் கேலி. வெஸ்ட்ரிஸ் ஆண் வேடமிட்டுக் கால் தெரிய நடித்தே புகழ் பெற்றவர். 1843இல் பழைய ஏகபோகம் ஒழிந்த பிறகும் வடிவம் நிலைத்துவிட்டது.

1868இல் நடிகை லிடியா தாம்சன் தம் ஆங்கிலப் பெண்கள் குழுவோடு நியூயார்க்கில் இறங்கினார். ‘இக்ஸியோன்’ என்ற கிரேக்கப் புராணக் கேலியில் பெண்களே தேவர்களாக, அரசர்களாக, இறுக்கமான காலுறையோடு வந்தார்கள். அன்றைய அரசியல்வாதிகளையும் பத்திரிகைகளையும் நையாண்டி செய்தார்கள். கூட்டம் அலைமோதியது; வசையும் குவிந்தது. தம்மை இழிவாக எழுதிய சிகாகோ பத்திரிகை ஆசிரியர் ஒருவரை 1870இல் நடுத்தெருவில் குதிரைச் சவுக்கால் அடித்தார் தாம்சன். கால் தெரிந்தது மட்டும் அந்த ஆசிரியருக்கு உறுத்தியிருக்காது. கால் தெரிய நின்ற பெண் தன்னைப் பார்ப்பவனைக் கிண்டலும் செய்தாள், அதுதான் தாங்கவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளில் கேலி தேய்ந்து ஆடை களைதல் மிஞ்சியது. 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து அந்த அரங்குகளை மூடியது. பிறந்ததும் உரிமச் சட்டத்தால், அடங்கியதும் உரிம மறுப்பால்.

இனி 1838க்கு வருவோம். அம்மணியின் ஆட்டத்தைக் கண்டு கவிஞர் தெயோஃபீல் கோத்தியே மயங்கிப்போய் எழுதினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வார்த்தார். ஆனால் ஐரோப்பியப் பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே ஒரு தேவதாசி குடியிருந்தாள். 1830இல் பாரிஸ் ஓப்பெராவில் பாலே நடனக்காரி தாக்லியோனி மெல்லிய வெண்துகிலில் ஆடிய ‘பாயதேர்’, அதாவது தேவதாசிப் பாத்திரம், அவள். அந்தக் கற்பனைத் தேவதாசி வேறு, வந்து இறங்கிய உண்மைத் தேவதாசிகள் வேறு. கோயிலில் சேவையாக இருந்த ஆட்டம், கேலி நாடகங்களுக்குப் பழகிய மேடையில் கட்டணக் காட்சியாக இறங்கியது. அவர்கள் யாரையும் கேலி செய்யவில்லை, ஆடையும் களையவில்லை. இருந்தும் உயரத்திலிருந்து கீழே இறக்கிப் பார்க்கும் பர்லெஸ்க் கண் அவர்கள்மீது விழுந்தது. நூறாண்டு கழித்துச் சென்னையில் தேவதாசி ஒழிப்பு பற்றிப் பேசியவர்கள் பலரின் கண்ணும் அதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழ் மரபில் கேலிக்குப் பஞ்சமில்லை. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளி வைணவம், இளைய பள்ளி சைவம். சக்களத்திச் சண்டையில் ஒருத்தியின் சாமியை மற்றவள் கிழிக்கிறாள். ஸ்காரோன் செய்ததற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததல்ல. புதுவையைச் சூழ்ந்த தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் துரியோதனனையே விட்டுவைப்பதில்லை. திரைக்குப் பின்னிருந்து ராஜா பெருமிதமாக வரும்போது இவன் முன்னால் நின்று ஊர்க்கதை பேசி, வரிபாக்கியைக் கேட்டு, அந்தப் பெருமிதத்தை உரித்துக் காயப்போடுகிறான்.

ஆனால் அதே கூத்தில் ஒரு பெண்ணின் சேலை உருவப்படும் காட்சி உண்டு. துகிலுரிதல். அங்கே கட்டியக்காரனின் வாய் அடங்குகிறது. கற்பூரம் ஏற்றுகிறார்கள், துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுமுன் கும்பிடுகிறார், சிலருக்கு அருள் வருகிறது. சேலைக்குள் இருப்பவர் ஓர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் சிரிப்பதில்லை. சிரிப்புக்கும் பெண்ணுடலுக்கும் நடுவே திரௌபதி அம்மன் நிற்கிறாள். பர்லெஸ்க் இணைத்ததைக் கூத்து திட்டமிட்டே பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே பர்லெஸ்க் மேற்கத்தியச் சரக்கு, நம் மரபுக்கு அந்நியமானது என்று சொல்பவர்களுக்கு இதில் ஓரளவு சான்று உண்டு. ஆனால் அவர்கள் கும்பகோணத்தை மறந்துவிடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கும்பகோணத்தில் கொடிகட்டிப் பறந்தது பாலாமணி அம்மாள் நாடகக் கம்பெனி. தேவதாசி மரபில் வந்த பெண்மணி ஒருவர் நடத்திய, பெண்களே நடித்த கம்பெனி அது. ஆண் வேடங்களும் பெண்களுக்கே. அவர்களுடைய ‘தாரா சசாங்கம்’ ஊரையே கிறங்கடித்தது. குருவின் மனைவி தாரை சீடனான சந்திரன்மேல் காதல் கொண்ட புராணக் கதை. அதில் எண்ணெய் தேய்க்கும் காட்சியில் உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடையில் பாலாமணி தோன்றுவார் என்ற பேச்சு பரவி, வெளியூர்களிலிருந்து கும்பகோணத்துக்குத் தனி ரயில்களே விட்டார்கள். பாலாமணி ஸ்பெஷல் என்ற பெயர் இன்றும் நாடகக்காரர் வாயில் இருக்கிறது.

இதை லிடியா தாம்சனின் ‘இக்ஸியோன்’ நாடகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பெண் கம்பெனி, பெண் முதலாளி, ஆண் வேடம் தரித்த பெண்கள், நெறி பிறழ்ந்த புராணக் கதை, ஒட்டிய ஆடை, திரண்ட கூட்டம், கூடவே வசை. தாம்சனின் குழுவைப் பார்த்துப் பாலாமணி செய்தார் என்று சொல்லத் தேவையில்லை. நகரமும் ரயிலும் டிக்கெட்டும் வந்த இடத்தில் இந்த வடிவம் தானே முளைக்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. தாம்சன் தம்மைப் பழித்தவரைச் சவுக்கால் அடித்துவிட்டு வழக்கையும் சந்தித்துத் தொழிலைத் தொடர்ந்தார். பாலாமணியோ, இருந்த செல்வமெல்லாம் கரைந்து வறுமையில் மறைந்தார். அவரைப் பற்றிய செய்திகளை நாடக வரலாறுகள் கிசுகிசுப்போலச் சொல்லிக் கடக்கின்றன. அவர் நடிப்பைப் பற்றி, கம்பெனி நிர்வாகத்தைப் பற்றி, பெண்களுக்கு அவர் கொடுத்த பிழைப்பைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர்கள் அண்மைக் காலத்தவர்தான்.

அந்தக் காலத்துக்கு எதிர்வினையாக நின்றவர் சங்கரதாஸ் சுவாமிகள். பெரியவர்கள் நடித்த கம்பெனிகளில் ஒழுங்கு கெட்டுப்போனதைக் கண்டு சலித்தவர் அவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்ற சிறுவர் கம்பெனியைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் உருவானது அங்கேதான். பெண்களின் இடத்தைச் சிறுவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பக்கவாதத்தால் நாவும் கையும் முடங்கிய நிலையில் கம்பெனியோடு புதுச்சேரிக்கு வந்த சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இங்கே காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது; நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள்.

சுவாமிகள் மேடையிலிருந்து அகற்ற நினைத்தது அவர் எழுதிய நாடகங்களுக்குள்ளேயே திரும்பி வந்தது வரலாற்றின் வேடிக்கை. இன்று மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் இரவு பத்து மணிக்கு மேல் முதலில் வருபவர் பபூன். அவர் தனியாகப் பேசிச் சிரிக்கவைத்த பிறகு டான்ஸ் பெண் வருகிறார். இருவரும் இரட்டை அர்த்தத்தில் மோதிக்கொள்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகே வள்ளியும் முருகனும். அந்த நாடகம் பெரும்பாலும் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. இந்த முதல் இரண்டு மணி நேரத்தைத்தான் மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். கூச்சத்தை மீறும் பெண், அதைக் கண்டு தடுமாறும் ஆண் என்ற அந்த அமைப்பு நடிகைகள் மேல் ஒட்டியிருக்கும் சமூக இழிவோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று அவர் காட்டுகிறார். சைசர் அதைக் களங்கத்தின் கதையாகப் படிக்கிறார். நான் அதைக் கூடுதலாக வடிவத்தின் கதையாகவும் படிக்கிறேன்: கூத்து பிரித்து வைத்த சிரிப்பும் உடலும் மறுபடி சந்திக்கும் இடம் அது.

கேலியின் தனிப்பயணம் வேறு. புதுவையில் பிறந்த பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில் பிரகலாதன் கதையைத் தலைகீழாக்கினார்; 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் அரங்கேறியது. அதில் சிரிப்பு குறைவு, சீற்றம் அதிகம். அதைப் பர்லெஸ்க் என்பது மிகை. ஆனால் உயர்ந்தவரைத் தாழ்த்தித் தாழ்ந்தவரை உயர்த்தும் உத்தி அதுவே. சிரிப்பையும் சேர்த்தவர் எம்.ஆர். ராதா. 1954இல் அவர் ராமாயணத்தைக் கேலியாக்கியபோது, மனம் புண்படுவோர் வரவேண்டாம் என்று அறிவித்துவிட்டே மேடையேறினார். வால்மீகியில் உள்ளதைத்தான் சொல்கிறேன் என்று வாதாடினார். கைதானார். அரசு அதே ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒன்றையே கொண்டுவந்தது. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டி எழுந்த ஒரு கேலி நாடகத்துக்கு அஞ்சி ஆங்கில அரசு 1876இல் இயற்றிய சட்டம் போதாதென்று வந்தது அது.

1876ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலேயர் சட்டம். அன்று பிரெஞ்சு மண்ணாக இருந்த புதுவையில் அது செல்லவில்லை. அதனால் புதுவை மேடை முழுச் சுதந்திர மேடை என்று கருதிவிடக் கூடாது. 1945இல் திராவிடர் கழக மாநாட்டுச் சமயத்தில் நாடகக் குழுவோடு வந்திருந்த மு. கருணாநிதி இந்த ஊரில்தான் அடித்துப் போடப்பட்டார். பெரியார் காயத்துக்கு மருந்திட்டு ஈரோட்டுக்கு அழைத்துக்கொண்டார். அந்தச் சட்டம் செல்லாத இடத்தில் தெருவே தணிக்கை செய்தது.

ராதாவுக்குக் காலம் நியாயம் செய்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நாடகக் கலைஞர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் 2017ஆம் ஆண்டு நீக்கச் சட்டத்தால் ஒழிந்தது. ராதாவைப் பற்றி இன்று நூல்கள் உண்டு, விழாக்கள் உண்டு. டான்ஸ் பெண்ணுக்கு வந்த சட்டம் வேறு வகை. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் அவளுடைய முன்னோடிகளைக் கோயிலிலிருந்து விடுவித்தது. மேடையில் அவளுக்கு மரியாதை பெற்றுத் தரவில்லை. கோயில் திருவிழாக்களின் ஆடல்பாடல் நிகழ்ச்சிகளுக்கு இன்றும் நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்குகிறார்கள். ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வருகிறது. நிபந்தனைகள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. அந்த மேடைகளில் ஆடும் பெண்கள் படும் பாடு சிறிதல்ல. ஆனால் ராதாவின் கேலியைக் கருத்துரிமை என்று காக்கும் நாம், டான்ஸ் பெண்ணின் பதிலடிப் பேச்சை ஆபாசம் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுகிறோம்.

பர்லெஸ்க் வரலாறு நமக்குப் பயன்படுவது இந்த இடத்தில். வெஸ்ட்ரிசும் தாம்சனும் கேலியையும் உடலையும் பிரிக்காமல் வைத்திருந்த நாள்வரை அந்த மேடையில் பெண் பேசினாள். பிரிந்த பிறகு அவள் பார்க்கப்பட மட்டுமே செய்தாள். தமிழ் நாடக வரலாற்றில் கேலிக்கு ஓர் அத்தியாயமும் ஒழுக்கக் கேட்டுக்கு ஓர் அடிக்குறிப்பும் ஒதுக்குகிற வழக்கம் இந்தப் பிரிவினையை நிலைநிறுத்துகிறது. சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் ராதாவுக்கும் நடுவே பாலாமணிக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதப்பட வேண்டும். கும்பகோணம், மதுரை, புதுவை மூத்த கலைஞர்களின் வாய்மொழிச் செய்திகளும் பழைய நாடக நோட்டீசுகளும் அழிந்துபோவதற்குள் அந்த வேலையைப் பல்கலைக்கழக நாடகத் துறைகள் கையிலெடுக்க வேண்டும்.